சமூகப் பிணைப்பு அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவருவது எப்படி: மொழிபெயர்ப்பு முடிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது

உளவியல், சமூகப்பணி, செவிலியம் என்று எந்தத் துறையில் ஆய்வேடு எழுதினாலும், தனிமை, மனிதர்களோடு ஒட்டுதல் என்ற பக்கம் போய்விட்டால் இந்த வேலை ஒருநாள் உங்கள் தலையில் வந்து விழும். ஆங்கிலத்தில் ஒரு அளவுகோல், அதாவது மதிப்பெண் போட்டு ஒரு மனநிலையை அளக்கும் கேள்வித்தாள், இருக்கும், அதைத் தமிழ் பேசுகிறவர்களிடம் பயன்படுத்த வேண்டியிருக்கும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒரு நண்பரிடம் கொடுத்து மொழிபெயர்த்து, கூகுள் ஃபார்மில் ஏற்றி, நாலைந்து வாட்ஸாப் குழுக்களில் தட்டிவிட்டு, போதுமான பதில் வந்ததும் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் க்ரோன்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) போட்டு, 0.8 வந்தால் 'நம்பகமானது, ஏற்புடையது' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பதில் சொன்னவர் எதை நினைத்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொன்னார் என்பது இதில் எந்த இடத்திலும் யாருக்கும் தெரியவராது. அது தெரியாமல் வருகிற எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பக்கூடாது.

ஒரு உண்மையான அளவுகோலை வைத்தே பேசலாம். ரிச்சர்ட் லீயும் ஸ்டீவன் ராபின்ஸும் 1995-இல் வெளியிட்ட சமூகப் பிணைப்பு அளவுகோல், எட்டே எட்டு கூற்றுகள், எட்டும் எதிர்மறையானவை. 2001-இல் லீயும் சக ஆய்வாளர்களும் அதைத் திருத்தி 20 கூற்றுகளாக்கினார்கள்: பத்து நேர்மறை, பத்து எதிர்மறை, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை பதில், மொத்த மதிப்பெண் 20 முதல் 120 வரை. உருவானது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து. பின்னணிக் கோட்பாடு ஹைன்ஸ் கோஹட்டின் தன்னிலை உளவியல், ஒருவருக்குத் தன்னைப் பற்றிய உணர்வு மற்றவர்களோடு உள்ள உறவில்தான் உருவாகிறது என்பது அது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் கேள்வி: உங்களுக்கு இந்த அளவுகோல்தான் வேண்டுமா?

இது எரிச்சலூட்டும் கேள்விதான், ஆனால் இங்கே தவறினால் பிறகு எதுவும் காப்பாற்றாது. ஒருவருக்கு எத்தனை பேரோடு போக்குவரத்து இருக்கிறது என்பது ஒன்று, லபன் வலையமைப்பு அளவுகோல் அதை எண்ணுகிறது. ஆபத்துக்கு யார் வருவார்கள் என்பது வேறு, அதற்கு 1988-இல் வந்த ஜிமெட் குழுவின் ஆதரவு அளவுகோல் இருக்கிறது. தனிமை வலிக்கிறதா என்பது இன்னொன்று, அதற்கு யுசிஎல்ஏ அளவுகோலும் டி யோங் கியர்வெல்டின் அளவுகோலும் இருக்கின்றன. லீ, ராபின்ஸ் அளக்கிறது இவை எதையும் அல்ல. உலகத்தில் நானும் ஒரு ஆள், இந்த மனிதர்களுக்கு நடுவில் எனக்கு ஒரு இடம் உண்டு என்று ஒருவருக்கு உள்ளுக்குள் நிலையாக இருக்கிற அந்த உணர்வை. கல்யாண வீட்டில் நூறு பேருக்கு நடுவில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அது இல்லாமல் இருக்கலாம். தனியாகக் குடியிருக்கும் ஒருவருக்கு நிறைய இருக்கலாம். உங்கள் ஆய்வுக் கேள்வி 'முதியவர்களைப் பார்க்க யார் வருகிறார்கள்' என்பதாக இருந்தால் இந்த அளவுகோலை விட்டுவிட்டு லபனுக்குப் போங்கள்.

இதுதான் என்று முடிவானால் அளவுகோலை உருவாக்கியவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேளுங்கள். யார், எங்கே, எதற்கு, எத்தனை பேரிடம், மாற்றம் செய்யலாமா என்று நாலு வரி போதும். யாராவது ஏற்கெனவே தமிழாக்கம் செய்து வைத்திருக்கிறார்களா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். கல்லூரி நெறிக்குழுவின் ஒப்புதல் வாங்கும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: 'எனக்கு யாருமே இல்லை' என்ற மாதிரி வரிகளை மனம் உடைந்திருக்கிற ஒருவரும் படிக்கப்போகிறார். படிவத்தின் கடைசியில் இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கட்டும். நேரில் கேட்கிறவர், யாராவது அழுதுவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கட்டும்.

மொழிபெயர்ப்பு

பீட்டன் குழு 2000-இல் எழுதிய வழிமுறையைத்தான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள், அது போதும். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். ஒருவருக்கு இந்தக் கருத்து தெரிந்திருக்கும், மற்றவருக்கு உளவியலோடு சம்பந்தமே இருக்கக்கூடாது. இரண்டையும் உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும். அப்புறம் மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள். பிறகு எல்லோரும் அடங்கிய நிபுணர் குழு. கடைசியில் 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை.

பின்மொழிபெயர்ப்பு அழகாகப் பொருந்தி வந்துவிட்டால் எல்லோரும் நிம்மதி ஆகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து. 'என்னைச் சுற்றியுள்ள உலகத்திலிருந்து நான் துண்டிக்கப்பட்டவனாக உணர்கிறேன்' என்று எழுதுங்கள், அதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் மூலம் அச்சு அசலாக வந்து நிற்கும். ஆனால் மதுரையிலோ மட்டக்களப்பிலோ யாராவது தன் மனநிலையை இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? வார்த்தைக்கு வார்த்தை போட்ட மோசமான தமிழ்தான் பின்மொழிபெயர்ப்பில் அதிக மதிப்பெண் வாங்கும். அதனால் அதை ஒரு எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறு இருக்கலாம், பொருந்திவிட்டது என்றால் ஒன்றும் தெரியவில்லை.

இந்த அளவுகோலில் குறிப்பாக மூன்று இடங்கள் தொல்லை தரும். சமுதாயத்தோடு உள்ள பிணைப்பு விட்டுப்போகிறது என்ற பொருளில் ஒரு கூற்று உண்டு. அதில் 'சமூகம்' என்று போட்டால் தமிழ்நாட்டில் கணிசமான பேர் சாதியைத்தான் நினைப்பார்கள், ஏனென்றால் 'எங்க சமூகத்து ஆளு' என்றால் ஊரில் அதுதான் அர்த்தம். இரண்டாவது, 'தொடர்பு'. 'எனக்கு யாரோடும் தொடர்பு இல்லை' என்ற வரியை ஒரு கல்லூரிப் பெண்ணிடம் நீட்டினால் அவருக்கு அது வேறு மாதிரிக் கேட்கலாம். மூன்றாவது, நண்பர்களுக்குள் கூடப்பிறந்தவர்கள் போன்ற உணர்வு இல்லை என்ற கூற்று. கண்டக்டரையும் கடைக்காரரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிற ஊரில் அந்த முறைப்பெயர் வாயில் எப்போதும் இருக்கும், உள்ளே ஒட்டுதல் இல்லாதபோதும் இருக்கும். ஆக இந்தக் கூற்று இங்கே யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாமல் போக வாய்ப்பு அதிகம். இதற்கெல்லாம் அகராதியில் தீர்வு கிடைக்காது. இரண்டு மூன்று மாற்று வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு ஆட்களிடம் போக வேண்டியதுதான்.

இன்னொன்று, தமிழாக்கம் யாருக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் 'கதைக்க ஆளில்லை' என்றால் எல்லோருக்கும் புரியும், கோயம்புத்தூரில் அதையே 'பேச ஆளில்லை' என்பார்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரு தமிழைத் தேடிப்போனால் பாடப்புத்தகத் தமிழில்தான் போய் நிற்பீர்கள். தனித்தனி வடிவம் செய்து, பிறகு இரண்டும் ஒரே மாதிரி அளக்கின்றனவா என்று சோதிப்பது நேர்மையான வழி.

நிபுணர் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறிலிருந்து பத்து பேர், ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்லுங்கள், 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதத்தைக் கணக்கிடுங்கள். 0.78-க்குக் கீழே போனால் திருத்துங்கள். எட்டுப் பேரில் ஏழு பேர் ஒப்புக்கொண்டால் 0.88, ஆறு பேர் என்றால் 0.75, அதாவது திருத்த வேண்டும். பேராசிரியர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். கிராமத்தில் வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர் ஒருவரும், விடுதிக் காப்பாளர் ஒருவரும் உட்கார்ந்தால் குழுவின் பேச்சே மாறிவிடும்.

ஆட்களோடு உட்காருங்கள்

முழு வேலையிலும் உங்கள் நேரம் அதிகம் போக வேண்டியது இங்கேதான். ஒருவரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கூற்றையும் படித்துக்காட்டி, பதிலை வாங்கி, அந்தப் பதிலுக்கு எப்படி வந்தார் என்று கேட்பது. 'இந்த வரியை உங்க வார்த்தையில சொல்லுங்க', 'இதுக்கு யாரை நினைச்சீங்க', 'இது எப்ப நடந்தது' என்ற மூன்று கேள்விகள் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். உதாரணத்துக்கு, சொந்த ஊரை விட்டு மகன் வீட்டோடு வந்து சென்னை அடுக்ககம் ஒன்றில் இருக்கிற எழுபது வயது அம்மாவிடம் பேச்சு இப்படிப் போகலாம்:

'சுத்தி இருக்கிற மனுஷங்களோட ஒட்ட முடியலைன்னு ஒரு வரி இருக்கும்மா. உங்களுக்கு எப்படி?'

'ஒட்டாம எப்படித் தம்பி? பேரன் பேத்தி எல்லாம் கூடத்தானே இருக்கு.'

'அப்ப யாரை நினைச்சுச் சொன்னீங்க?'

'வீட்டு ஆளுங்களத்தான்.'

'வீட்டுக்கு வெளிய? அக்கம்பக்கம், கோயில், முன்னாடி கூட இருந்தவங்க?'

'வெளிய யாரு இருக்கா? வந்து மூணு வருஷம் ஆச்சு, எதிர் வீட்டுக்காரம்மா பேரு கூடத் தெரியாது. ஊருல இருந்தா சாயங்காலம் திண்ணையில நாலு பேரு வந்து உக்காருவாங்க.'

படிவத்தில் அவர் 'முற்றிலும் ஒப்புக்கொள்ளவில்லை' என்று குறித்திருப்பார், அதாவது பிணைப்பு அதிகம் என்று மதிப்பெண் ஏறியிருக்கும். உண்மை அதற்கு நேர் எதிர். அமெரிக்க மாணவருக்கு 'மற்றவர்கள்' என்றால் சக மாணவர், தெரிந்தவர், தெரியாதவர் என்று விரிகிறது. இந்த அம்மாவுக்கு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. இப்போது நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டும். 'வீட்டு ஆட்களைத் தவிர மற்றவர்களை நினைத்துச் சொல்லுங்கள்' என்று முன்குறிப்பில் சேர்க்கலாம். ஆனால் அப்படிச் சேர்த்தால் அளப்பது கொஞ்சம் மாறிவிடுகிறது, குடும்பத்தையே உலகமாகக் கொண்டவரின் பிணைப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் குடும்பத்துக்குத் தனியாக இரண்டு மூன்று கூற்றுகள் எழுதிச் சேர்த்து, அவற்றை மொத்தத்தில் கூட்டாமல் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்பேன். எதைச் செய்தாலும் குழுவில் பேசி, காரணத்தோடு எழுதி வையுங்கள்.

எதிர்மறைக் கூற்றுகள் இன்னொரு தலைவலி. 'எனக்கு நெருக்கமானவர்கள் யாரும் இல்லை' என்று படித்தால் ஒருவர் 'ஆமா, இல்ல' என்பார், இன்னொருவர் 'இல்ல' என்று மட்டும் சொல்வார். அந்த 'இல்ல' கூற்றை ஒப்புக்கொள்வதா, மறுப்பதா? கேட்டவருக்கே தெரியாது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு, பொருள் எதிர்மறையாக இருக்கட்டும், வாக்கியம் 'இல்லை'யில் முடிய வேண்டாம். 'எல்லாரும் என்னை விட்டுத் தள்ளி இருப்பது போலத் தோன்றுகிறது' என்று எழுதினால் குழப்பம் பெருமளவு குறைந்துவிடும்.

ஆறு படிப் பதிலும் அப்படித்தான். 'ஓரளவு', 'சற்று', 'பெரும்பாலும்' என்பவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் எழுதியவருக்குத் தெரியும், பதில் சொல்கிறவர் அவற்றை ஒரே மாதிரிதான் கேட்பார். படிப்பு அதிகம் இல்லாதவர்களிடம் இரண்டு கட்டமாகக் கேளுங்கள்: முதலில் 'இது உங்களுக்குப் பொருந்துமா, பொருந்தாதா', பிறகு 'ரொம்பவா, ஓரளவா, கொஞ்சமா'. ஆறு படிகளும் அப்படியே கிடைத்துவிடும், அளவுகோலை மாற்றியதாகவும் ஆகாது.

ஒரு சுற்றுக்கு ஏழெட்டுப் பேர், திருத்தம், மறுபடி ஒரு சுற்று. புதிதாக எந்தச் சிக்கலும் வராத வரை இதை நிறுத்தாதீர்கள். ஆண், பெண், கிராமம், நகரம், படித்தவர், படிக்காதவர் என்று கலந்து எடுங்கள்.

யாரிடம் தரவு சேகரிப்பது

வாட்ஸாப் குழு வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பிணைப்பு குறைந்தவர்களை அளக்க ஒரு கருவி செய்கிறீர்கள், அதற்கான ஆட்களை நாலு குழுக்களில் இருக்கிறவர்களிடமிருந்தும், நண்பர் அனுப்பியதற்காக மரியாதைக்குப் படிவம் நிரப்புகிறவர்களிடமிருந்தும் எடுக்கிறீர்கள். எல்லோரும் உச்சத்தில் போய்க் குவிவார்கள். 15 சதவீதத்துக்கு மேல் ஆட்கள் உச்ச மதிப்பெண்ணிலோ அடி மதிப்பெண்ணிலோ இருந்தால் அளவுகோலுக்கு அந்த இடத்தில் கண் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தனித்திருப்பவர்களும் வந்தே தீர வேண்டிய இடங்களைத் தேடுங்கள்: ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசை, வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் தங்கும் விடுதிகள். இதற்கு நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

எண்ணிக்கைக்கு, ஒரு கூற்றுக்குப் பத்து பேர் என்று வைத்தால் இருபது கூற்றுக்கு 200. கூற்றுகள் எப்படிக் குழுவாகச் சேர்கின்றன என்று பார்க்கிற காரணிப் பகுப்பாய்வில், ஆராய்வது, உறுதிப்படுத்துவது என்ற இரண்டு விதமும் செய்வதாக இருந்தால் இரண்டையும் ஒரே ஆட்களின் தரவில் செய்யக்கூடாது, ஆகவே இரண்டு மடங்கு. வந்த தரவில், நேர்மறைக்கும் எதிர்மறைக்கும் ஒரே பதிலாக வரிசையாக 6, 6, 6 என்று குறித்தவர்களை முதலில் தனியே எடுத்து வையுங்கள். எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப்போட்டாயிற்றா என்று இன்னொருவரைவிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எண்கள்

மூல அமைப்பு (எல்லாக் கூற்றுகளும் ஒரே காரணி) ஏற்கெனவே தெரிந்திருப்பதால் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்விலிருந்து தொடங்குவதுதான் முறை. ஆர் மென்பொருளில் லவான் என்ற தொகுப்பு இலவசம். கட்டளை எழுதப் பயமாக இருந்தால் ஜமோவி, ஜாஸ்ப் இருக்கின்றன, அவையும் இலவசம். பதில்கள் ஆறு படிகளில் இருப்பதால் அவற்றை வரிசைத் தரவாக எடுத்துக்கொள்ளும் டபிள்யூஎல்எஸ்எம்வி முறையைத் தேர்ந்தெடுங்கள். ஹூ, பென்ட்லர் 1999-இல் சொன்ன எல்லைகள், அதாவது நாம் வைத்த அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்களில் சிஎஃப்ஐ 0.95-ஐ ஒட்டி அல்லது மேலே, ஆர்எம்எஸ்இஏ 0.06-ஐ ஒட்டி அல்லது கீழே, எல்லா ஆய்வேட்டிலும் மந்திரம் போல வருகின்றன. ஆனால் அவை வேறு வகை மதிப்பீட்டு முறைக்காகக் கணக்கிடப்பட்டவை, அதனால் அவற்றைத் தாண்டியதும் வெற்றி என்று அறிவிக்காமல் ஒவ்வொரு கூற்றின் சுமையையும் (காரணியோடு அது எவ்வளவு ஒட்டுகிறது என்பதையும்) மிச்சப் பிழைகளையும் பாருங்கள்.

ஒரு காரணி பொருந்தாமல் இரண்டாக உடைந்தால் உடனே 'தமிழர்களிடம் சமூகப் பிணைப்பு இரு பரிமாணம் கொண்டது' என்று எழுதிவிடாதீர்கள். பத்து நேர்மறைக் கூற்றுகள் ஒரு பக்கம், பத்து எதிர்மறைக் கூற்றுகள் மறுபக்கம் என்று பிரிந்திருந்தால் அது பெரும்பாலும் வாக்கிய அமைப்பின் வேலை, மனதின் வேலை அல்ல. எதிர்மறைக் கூற்றுகளுக்கு ஒரு முறைக்காரணி (வாக்கிய அமைப்பின் பாதிப்பைத் தனியே பிரித்தெடுப்பது) சேர்த்துப் பாருங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால்தான் ஆராயும் பகுப்பாய்வு. அதிலும் எஸ்பிஎஸ்எஸ்ஸில் வழக்கமாகப் போடுகிற முதன்மைக் கூறு, ஐகன் மதிப்பு ஒன்றுக்கு மேல், வாரிமேக்ஸ் என்ற கூட்டணியை விட்டுவிட்டு, இணைப் பகுப்பாய்வால் (தற்செயல் தரவோடு ஒப்பிட்டு) காரணிகளின் எண்ணிக்கையை முடிவு செய்து, சாய்சுழற்சி (காரணிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ள விடுவது) செய்யுங்கள்.

ஆல்ஃபாவைப் பற்றி ஒரு கணக்கு. இருபது கூற்றுகள், ஒன்றுக்கொன்று சராசரி ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண்) வெறும் 0.2 என்று வையுங்கள். ஆல்ஃபா 0.83 வரும். அதே 0.2 எட்டுக் கூற்றுகளில் 0.67-தான். கூற்றுகள் அதிகம் என்பதாலேயே எண் ஏறுகிறது, அவ்வளவு பலவீனமான பிணைப்பு இருந்தும்கூட. ஆகவே ஒமேகாவையும் (சுமைகளை வைத்துக் கணக்கிடும் நம்பகத்தன்மை எண்) சராசரி ஒட்டுறவையும் சேர்த்துக் கொடுங்கள். 0.95-க்கு மேல் போனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களோ என்று சந்தேகப்படுங்கள்.

ஏற்புடைமைக்கு, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பதற்கு, தரவைத் தொடுவதற்கு முன்பே கருதுகோள்களை எழுதிவிடுங்கள். யுசிஎல்ஏ தனிமையோடு வலுவான எதிர் ஒட்டுறவு, ஆதரவு அளவுகோலோடு மிதமான நேர் ஒட்டுறவு, வலையமைப்பின் அளவோடு அதைவிடக் குறைவு, இப்படி எண்ணோடு. தனிமையோடு எதிர் ஒட்டுறவு 0.9 வரை போய்விட்டால் கொண்டாட வேண்டாம், தனிமையையே வேறு பெயரில் அளக்கிறீர்கள் என்று பொருள்.

மறுசோதனை இரண்டு வாரம் கழித்து, குறைந்தது ஐம்பது பேரிடம், உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு (இரண்டு முறையும் வந்த மதிப்பெண் எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற எண்) 0.75-க்கு மேல் இருந்தால் நல்லது. தேதியைப் பார்த்து வையுங்கள். விடுதி மாணவர்களிடம் பொங்கலுக்கு முன்னால் ஒருமுறை, ஊருக்குப் போய்வந்த பிறகு மறுமுறை என்று கேட்டால், மாறியது அளவுகோலா அவர்களா என்று பிரிக்கவே முடியாது. இதே தரவிலிருந்து அளவீட்டுப் பிழையையும் கணக்கிடுங்கள். திட்ட விலக்கம் 15, நம்பகத்தன்மை 0.85 என்றால் பிழை சுமார் 5.8, ஒரே ஆளிடம் உண்மையான மாற்றம் என்று சொல்ல 16 மதிப்பெண்ணாவது நகர வேண்டும். ஆலோசனைக்குப் பிறகு ஒருவருக்கு 7 மதிப்பெண் கூடியது என்று மகிழ்கிறவர்களுக்கு இந்த எண் தேவை.

ஆண், பெண் சராசரியை ஒப்பிடுவதற்கு முன், இரு குழுவிலும் அளவுகோல் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்ற மாறாமைச் சோதனை வேண்டும். அமைப்பு, சுமை, இடைவெட்டு (கூற்றின் தொடக்க அளவு) என்று படிப்படியாக இறுக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் சிஎஃப்ஐ 0.01-க்கு மேல் விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது படி தேறாமல் சராசரியை ஒப்பிட முடியாது. அமெரிக்கச் சராசரியோடு ஒப்பிடுவதை விட்டேவிடுங்கள். குறைவு, மிதம், அதிகம் என்று உங்கள் மாதிரியை மூன்றாக வெட்டிப் பெயர் சூட்டுவதும் வேண்டாம், அந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிற மாணவருக்கு அது ஒரு முத்திரை ஆகிவிடும்.

எழுதும்போது, இறுதி வடிவத்தின் எல்லாக் கூற்றுகளையும் முன்குறிப்போடு தமிழிலேயே பின்னிணைப்பில் கொடுங்கள், மூலத்துக்கு உரிமையுள்ளவர் அனுமதித்தால். கைவிட்ட வடிவங்களையும், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் ஒரு அட்டவணையாகச் சேருங்கள். மதிப்பெண் திருப்பிப்போட வேண்டிய கூற்றுகளின் எண்களைத் தெளிவாகக் குறியுங்கள். எந்த வயதினரிடம், எந்த மாவட்டத்தில், வாசித்தா நேரில் கேட்டா சோதித்தீர்கள் என்பதைச் சுருக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பெயர் நீக்கிய தரவையும் ஆர் கட்டளைக் கோப்பையும் பொதுவில் வைத்தால், அடுத்து திருநெல்வேலியிலோ வவுனியாவிலோ இதை எடுக்கிற மாணவர் மொழிபெயர்ப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை, நேராக ஆட்களோடு உட்காரும் கட்டத்திலிருந்து தொடங்கலாம்.